நானூற்று ஆறாம் எண் டோக்கன்

என் மகன் ஜெயகிருஷ்ணன் மீது தாம்பரம் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றி எங்கள் தெருவில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். காலையில் மாடம்பாக்கம் கோயிலைச் சுற்றி நடக்கும்போது எதிரே வருகிறவர்கள் முன்பெல்லாம் "என்ன சார், பையன் எப்படி இருக்கார்?" என்று கேட்பார்கள். இப்போது வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வழக்கு இதுதான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜெயகிருஷ்ணன் பராமரிப்புப் பிரிவு மேலாளர். அங்கே ஒப்பந்த ஃபிட்டராக இருந்த சுகுமார் என்பவனுடைய வலது முன்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மேலாளர் பைப் ரெஞ்ச்சால் அடித்தார் என்பது அவன் புகார். அவன்தான் டூல் ரூமிலிருந்து ரெஞ்ச்சை எடுத்து வந்து ஓங்கினான், தன்னைக் காத்துக்கொள்ள அதைப் பிடுங்கும்போது அவன் கையில் பட்டுவிட்டது என்பது என் மகனின் பதில். போலீஸில் விஷயம் வழக்காகப் பதிவாகாமல் ஒரு மனு ரசீதோடு நின்றுபோயிற்று. தொழிற்சாலை சுகுமாரை நீக்கியது. அவன் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டான்.

"அவன்தான் தூக்கினான்ப்பா" என்று சம்பவம் நடந்த அன்று மாலை ஜெயகிருஷ்ணன் என்னிடம் சொன்னான். அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து, ஒரு மெமோ வாங்காமல் ஓய்வு பெற்றவன் நான். என் தகப்பனார் பொய் பேசி யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பிறந்தவன் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் நடந்திருக்கும்.

சுகுமாரின் அம்மா செல்லம்மா வந்தது அதற்கு மறுவாரம். அகரம்தென்னிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"கேஸு கீஸு ஒண்ணும் வேணாம் சார். உங்க புள்ள ஒரு தபா வூட்டாண்ட வந்து, தப்பா அடிச்சிட்டேன், மனசுல வச்சிக்காதன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டா போதும். எம் புள்ள ஆறிடுவான்."

"தற்காப்புக்கு யாரும் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள், அம்மா. உன் பையன் இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்."

"எம் புள்ளயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிறிஸ்மஸுக்குக் கோழி அறுக்கறதுக்கே பக்கத்து வூட்டு ஆளக் கூப்புடுவான் சார் அவன். கோழி கத்தினா கொல்லப் பக்கம் ஓடிருவான்."

நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் செய்யாத தப்புக்குத் தலைகுனியும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் வழக்கு குறுக்கு விசாரணைக்கு வந்தது. அதற்குத் தயார்செய்ய எங்கள் வக்கீல் கேஷவ் எங்கள் இருவரையும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் தன் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். ஜெயகிருஷ்ணன் போன் பேச வராந்தாவுக்குப் போயிருந்தான். கேஷவ் ஆவணங்களை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார்.

"இதுதான் சார் நம்ம துருப்புச் சீட்டு. சம்பவம் நடந்த அஞ்சாவது நிமிஷம் செக்யூரிட்டி போன்ல எடுத்தது. பெருசா கலர் பிரின்ட் போட்டு கோர்ட்ல கொடுத்திருக்கோம். பாருங்க, எவ்ளோ பெரிய ரெஞ்ச்சு. இதை ஒருத்தன் ஓங்கிட்டு வந்தா யாரா இருந்தாலும் கையை நீட்டத்தானே செய்வான்?"

ஈரத் தரையில் ரெஞ்ச் கிடந்தது. படத்தைப் பார்க்கும் யாரும் அதைத்தான் பார்ப்பார்கள். நான் அதற்குப் பின்னால் பார்த்தேன். டூல் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் டூல் போர்டு.

பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் சிவப்பில் வரைந்து அதன்மேல் ஆணியடித்துக் கருவியை மாட்டியிருப்பார்கள். கருவியை எடுக்கிறவன் தன் எண் பொறித்த டோக்கனை அந்த ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது டோக்கனைக் கழற்றிக்கொள்ளலாம். போர்டைப் பார்த்தால் எது எவனிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எத்தனையோ ஆயிரம் காலைகள் நான் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது அந்தப் போர்டைத்தான். கண் தானாகப் போயிற்று.

ரெஞ்ச்சின் சிவப்பு உருவம் காலியாக இருந்தது. ஆணியில் ஒரு பித்தளை டோக்கன்.

கேஷவ் பத்திரங்கள் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். 406.

ஜெயகிருஷ்ணனின் வண்டிச் சாவியோடு அந்த எண்ணுள்ள டோக்கன்கள் நாலைந்து கோத்திருக்கும். என் பேரன் அனிருத் பல் முளைக்காத வயதில் அந்தக் கொத்தைத்தான் ஆட்டிக்கொண்டு தவழ்வான்.

"இந்தப் படம் அந்தத் தரப்புக்குக் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டேன்.

"கொடுத்தாச்சு சார். ஜெராக்ஸ், பிளாக் அண்ட் ஒயிட். பின்னாடியெல்லாம் ஒரே கறுப்பு. ரெஞ்ச்சு தெரியுது, அது போதும் நமக்கு" என்று சிரித்தார் கேஷவ்.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. கண்ணாடியை மேஜைமேல் வைத்தேன். கை நடுங்கவில்லை. அதில் எனக்கு அப்போதும் ஒரு கர்வம் இருந்தது.

திரும்பும் வழியில் கேம்ப் ரோடு சிக்னலில் கார் நின்றது. மகன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"டூல் ரூமிலிருந்து ரெஞ்ச்சை யார் எடுத்தது?"

"அவன்தான். ஸ்டேட்மென்ட்ல இருக்கேப்பா."

"ஆணியில் யார் டோக்கன் தொங்குகிறது?"

தாளம் நின்றது. சிக்னல் பச்சைக்கு மாறியது. அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "யோவ், இன்னா தூங்கினு கீறியா? எட்றா வண்டிய!" என்று கத்தினார். ஜெயகிருஷ்ணன் ஒரு பேக்கரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஏ.சி.யை அணைத்தான். மறுபடி போட்டான்.

"கூலிங் லைன்ல லீக். வால்வை மூடாம பிரிக்க மாட்டேன்னான். மூடினா புரொடக்‌ஷன் நின்னுடும்னேன். 'பிரஷர்ல தண்ணி பீச்சும் சார், உங்களுக்கு அவசரம்னா நீங்களே வந்து ஒரு நட்டு திருப்புங்க'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"'அப்பா ரயில்வே, அப்பா ரயில்வேன்னு தெனம் சொல்றீங்களே, அப்பாவுக்குக் கீறது புள்ளைக்கு எறங்கலியா'ன்னான். நான் போய் ரெஞ்ச்சை எடுத்துண்டு வந்தேன். நட்டு வழுக்கித்து. தண்ணி பீய்ச்சி அடிச்சு மூஞ்சி, சட்டை எல்லாம் நனைஞ்சுது. மறுபடியும் சிரிச்சாங்கப்பா. ஒரே ஒரு தடவைதான் வீசினேன். அவன் கையைத் தூக்கினான்."

"அந்தக் கையில் என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்லை."

"பார்த்தவர்கள்?"

"மூணு பேர். எல்லாரும் கான்ட்ராக்ட். வேலை வேணுமே, வாயைத் திறக்க மாட்டாங்க."

"அவ்வளவு கோபத்தில் டோக்கனை ஏன் மாட்டினாய்?"

"தெரியலை. கை தானா மாட்டிடுத்து. சின்ன வயசுலேர்ந்து நீங்கதானே..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். "யாரும் பார்க்கலை. நீங்க பேசாம இருந்தா போதும். அன்னிக்கு நான் அப்படிச் சொன்னதே உங்களுக்காகத்தான்ப்பா. சும்மா நின்ன ஒரு ஃபிட்டரை என் பையன் இரும்பால அடிச்சான்னு தெரிஞ்சா, நீங்க இந்த மாடம்பாக்கத்துல தலைநிமிர்ந்து நடப்பேளா?"

நடந்திருக்க மாட்டேன் என்பது உண்மை.

அன்றிரவு என் மனைவி சாவித்ரியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வெளியில சொன்னா அவன் வேலை போயிடும். போலீஸ் கேஸைத் திரும்பத் திறப்பா. அனிருத் பன்னண்டாவது படிக்கிறான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் யோசிக்கறேளா?"

அவள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "அன்னிக்கு அந்த அம்மா கேட்டுல நின்னப்போ ஒரு சொம்பு தண்ணி எடுத்துண்டு வந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டேள். நானும் திறக்கலை."

பத்து நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. காலையில் நடந்தேன், பேப்பர் படித்தேன், சந்தியாவந்தனம் செய்தேன். குடும்ப மானத்தைக் காப்பது என் கடமை, வாயை மூடிக்கொண்டிருந்தால் அது காப்பாற்றப்பட்டுவிடும் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்து நாளும் சாப்பாட்டு மேஜையில் மகன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு புதிய நெருக்கம் இருந்தது. ஒரே தப்பில் பங்குள்ள இருவரிடையே வரும் நெருக்கம். வேறெதையும்விட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குறுக்கு விசாரணைக்கு முன் பேசித் தீர்க்க முடியுமா பாருங்கள் என்று நீதிபதி இரு தரப்பையும் நீதிமன்றத்திலேயே இருக்கும் சமரச மையத்துக்கு அனுப்பினார். சின்ன அறை, நீள மேஜை. நடுவில் சமரசம் செய்துவைக்கும் மூத்த வக்கீல். ஒரு பக்கம் கேஷவும் ஜெயகிருஷ்ணனும். எதிரே சுகுமாரும் அவன் வக்கீல் தேவதர்ஷினியும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கலாம். செல்லம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் என்பதற்காக என்னையும் அனுமதித்தார்கள். எனக்கும் சுவரோர நாற்காலிதான், அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி.

சுகுமாரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒடிசலான ஆள். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்து, மூடியைப் பல்லால் திறந்தான். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின. ஃபிட்டருக்குப் பிடி போனால் என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும்.

கேஷவ் ஒரு தொகையைச் சொன்னார். கௌரவமான தொகைதான். "ஒரே கண்டிஷன். எந்தத் தரப்பும் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் சமாதானமாகப் போகிறோம்னு எழுதிக்குவோம்."

"துட்ட அப்பறம் பேசிக்கலாம் சார்" என்றான் சுகுமார். "நான் ஒண்ணு கேக்கறேன். மேனேஜர் மேல ரெஞ்ச் தூக்கனவன்னு எம் பேர்ல எழுதி வச்சிகிறாங்க. மறைமலை நகர்லேர்ந்து ஒரகடம் வரிக்கும் ஒரு கான்ட்ராக்டரும் கேட்டுக்குள்ள வுட மாட்றான். ரிப்பேர் வேல வேணாம், வாட்ச்மேனா போடுப்பான்னு கேட்டேன். 'நீதான அந்த ரெஞ்ச்சு கேஸு'ன்னு சிரிக்கறான். எம் பொண்ணு ஸ்கூல்ல ஒரு பையன் கேட்டுகிறான், உங்கப்பா ரவுடியாமேன்னு. கை போச்சு, போவட்டும். பேரு இன்னாத்துக்கு சார் போவணும்? நான் தூக்கலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"அந்த வரி முடியாது" என்றார் கேஷவ்.

"ஏன் சார் முடியாது? எழுதப் படிக்கத் தெரிஞ்சவர்தானே?"

சமரச வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெயகிருஷ்ணனைப் பார்த்தார். அவன் மேஜையைப் பார்த்தான். அவன் சொல்லிவிடுவான் என்று ஒரு கணம் நம்பினேன். அந்த ஒரு வரியை அவனே சொல்லியிருந்தால் நான் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் செய்யாத காரியம் அது.

"அவன் ஓங்கினதாலதான் நான் பிடுங்கினேன்" என்றான் என் மகன். "அதுல மாத்தம் இல்லை."

நான் எழுந்தேன்.

"சுகுமார் ரெஞ்ச்சைத் தூக்கவில்லை" என்றேன். "எடுத்ததும் வீசியதும் என் மகன்."

"சார், நீங்க பார்ட்டி இல்லை, உக்காருங்க!" கேஷவ் பதறினார்.

"நீங்கள் கோர்ட்டில் கொடுத்திருக்கும் கலர் படத்தில் பின்னால் டூல் போர்டு இருக்கிறது. ரெஞ்ச் இருந்த ஆணியில் 406-ஆம் எண் டோக்கன் தொங்குகிறது. அது இவன் எண். பத்து நாள் முன்னால் கேட்டேன், என்னிடம் ஒப்புக்கொண்டான்."

ஜெயகிருஷ்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"திருப்தியாப்பா? இப்போ உங்க மானம் நிம்மதியா தூங்குமா?"

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். கேஷவ் காகிதங்களை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார்.

சுகுமார் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்றாலும் அவர் சொன்னதற்கு நான் தயாராக இல்லை.

"இத எங்கம்மா வந்து நின்னப்பவே சொல்லியிருக்கலாம் சார்."

"அப்போது எனக்குத் தெரியாது."

"நீங்க கேக்கவே இல்லியே. ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

செல்லம்மா, "உடுடா, பெரியவரு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அவர் சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது.

தேவதர்ஷினி என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். "சார், சமரச மையத்துல பேசினது இந்த ரூமோட போயிடும். கோர்ட்ல இதை நான் எடுத்துக் காட்ட முடியாது. படம் மட்டும் போதாது. டோக்கன் மாத்தி மாட்டிட்டாங்கன்னு ஏதாவது சொல்லுவாங்க. அவர் ஒப்புக்கொண்டதை நீங்களே கூண்டுல ஏறிச் சொல்லணும். எங்க தரப்பு சாட்சியா."

"சொல்கிறேன்."

"யோசிச்சு சொல்லுங்க. சம்மன் வரும். கோர்ட் அமீனா உங்க வீட்டைத் தேடித் தெருவுல நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் வருவார். உங்க பையனோட வக்கீல் உங்களை சும்மா விடமாட்டார். அப்பா பிள்ளைக்குள்ள சொத்துத் தகராறான்னுகூடக் கேப்பார்."

"கேட்கட்டும்."

அந்த மாதக் கடைசியில் ஜெயகிருஷ்ணன் கேளம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனான். மருமகள் சின்மயி போகும்போது எனக்கு நமஸ்காரம் செய்தாள். அனிருத் காரிலிருந்து இறங்கவில்லை. சாவித்ரி வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்து இரண்டு பேருக்கு மட்டும் அரிசி களைந்தாள். சம்மன் கொண்டுவந்த அமீனா, மூன்றாவது வீட்டில் விசாரித்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர் தாமே உடன் வந்து வழிகாட்டினார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கும் வரை நகராமல் நின்றார்.

விசாரணை நாளில் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்திக்கொண்டு தனியாகப் போனேன். நீதிமன்றத் தாழ்வாரத்தில் நல்ல கூட்டம். செல்லம்மா தன் பையை மடிக்கு எடுத்து பெஞ்சில் இடம் விட்டாள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அறைக்குள் கேஷவுக்குப் பக்கத்தில் ஜெயகிருஷ்ணன் இருந்தான். மெலிந்திருந்தான். சட்டையில் மேல் பொத்தான் போடாமல் இருந்ததைப் பார்த்ததும், போட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

நீதிமன்ற ஊழியர் வாசலுக்கு வந்து என் பெயரைக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது முறை. தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, அந்தப் பெயர் வாயில் நுழையாமல், "யக்கியநாராயணன்! யக்கியநாராயணன்!" என்று கத்தினார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டீக்காரர் யாரது என்று கேட்டார். மூன்றாம் முறைக்குள் நான் அறை வாசலைக் கடந்துவிட்டேன்.

கூண்டு என்பது இடுப்பளவு மரச் சட்டம்தான். சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள். தேவதர்ஷினி எழுந்து, பெயர், வயது, முகவரி, பார்த்த உத்தியோகம் எல்லாம் கேட்டாள். சொன்னேன். தட்டச்சு செய்யும் சத்தம் ஓய்ந்தது.

"வாதி சுகுமார் உங்களுக்கு உறவா?"

"இல்லை."

"பிரதிவாதி ஜெயகிருஷ்ணன் உங்களுக்கு என்ன உறவு?"

அவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"என் மகன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. நீதிபதி, "பெரியவரே, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க" என்றார். உரக்கச் சொன்னேன்.